துண்டில்லா ஜனவரி

உலகத்து மனிதர்களை நிறத்தாலும் மொழியாலும் மதத்தாலும் பிரித்துப் பார்த்த மேதைகள் எல்லோரும் வீணாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். மனிதர்களில் இருப்பது இரண்டே இனம். ஒன்று ஈரமானது, மற்றது உலர்ந்தது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அதைத் தீர்மானமாகவும் நிறைவேற்றிக் காட்டிய பெருமை, ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஹ்ரப்னவீக் நகராட்சியையே சேரும்.

ஹ்ரப்னவீக்கில் தேவாலயத்துக்குப் போகாதவர்கள் உண்டு. நீச்சல் குளத்துக்குப் போகாதவர் கிடையாது. பொழுது விடிவதற்குள் ஊரே திறந்தவெளி வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து, அரசாங்கத்தையும் மீன் விலையையும் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். ஜனவரியில் அங்கே பொழுது விடிவது மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் என்பதால் அலச நிறைய நேரம் உண்டு. அலசி முடித்ததும் ஒரு புனித விதி காத்திருக்கும். குளித்தவன் ஷவர் அறையிலேயே உச்சி முதல் கால்விரல் இடுக்கு வரை துவட்டிக்கொண்டுதான் உடை மாற்றும் அறைக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். அந்தத் தரையில் ஒரு சொட்டு விழுந்தால் அது அடுத்தவனுடைய சாக்ஸுக்குள் போய்விடும். ஈரச் சாக்ஸோடு கழிக்கும் பகல் எத்தகையது என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒரு முறை நிலம் நடுங்கிச் சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்தபோதுகூட, ஆண்கள் பகுதியில் இருந்த அத்தனை பேரும் முழங்காலின் பின்பக்கத்தைத் துவட்டிவிட்டுத்தான் உயிருக்குப் பயந்து ஓடினார்கள்.

அப்படி ஓடியவர்களில் கடைசியாக ஓடியவர் எய்விந்துர். காது மடலின் பின்புறமும் பாக்கியிருந்தது அவருக்கு. துறைமுகத்தில் மீன் எடை போடுபவர்; நகராட்சியின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர். ஆளில்லாத சாலையிலும் கை காட்டிவிட்டுத்தான் திரும்புவார். விதி என்று ஒன்று இருந்தால் அதைப் பின்பற்றுவார்; இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கவலைப்படுவார். இப்படிப்பட்ட உத்தமர்களால்தான் நகராட்சிகள் நடக்கின்றன. நகராட்சிகளில் நடப்பதும் இப்படிப்பட்டவர்களால்தான்.

அவருடைய மனைவி லோவீசாவுக்கு மூட்டுவாதம். தரையில் நடக்க இரண்டு கைத்தடி வேண்டும். ஆனால் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம் உண்டு. இடுப்பளவு தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. அதற்குள் இறங்கிவிட்டால் லோவீசா தடியில்லாமல் நடப்பார். வீச்சு வீச்சாக, இருபத்தைந்து வயதில் நாட்டிய மண்டபத்தில் எய்விந்துரை இழுத்துக்கொண்டு போன அதே நடை. கரையில் நின்று அதைப் பார்ப்பதற்காகவே எய்விந்துர் உயிர் வைத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

இனி நகரத் தலைவி தோர்தீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்த் தலைவர்கள் பிரச்சினை வந்தபின் தீர்வு தேடுவார்கள். தோர்தீஸ் தீர்வை முதலில் வாங்கிவிடுவார். பிரச்சினை பின்னால் மெதுவாக வந்து சேரும். 'உலர் நகரம்' என்பது அவருடைய மகத்தான கனவு. நகராட்சி அலுவலகத்தின் முன்னே உள்ள நடைபாதைக்கு அடியில் குழாய் பதித்து வெந்நீரை ஓடவிட்டால் பனி தங்காது, வருகிறவர்களின் காலணி நனையாது. நல்ல யோசனைதான். குழாயைக்கூட வாங்கிப் பதித்தாகிவிட்டது. வெந்நீர் மட்டும் வேண்டும். ஊருக்கு இருப்பது ஒரே ஊற்று. அதில் மிச்சம் என்று ஓடுவது அந்தச் சின்னக் குளத்துக்குப் போகும் குழாய். ஆகவே ஹ்ரப்னவீக்கின் முன் நின்ற கேள்வி மிக எளிமையானது: வெந்நீர் கால்களுக்கா, காலணிகளுக்கா?

ஐந்து உறுப்பினர்களில் இருவர் கால் கட்சி. தோர்தீஸோடு சேர்த்து இருவர் காலணிக் கட்சி. ஐந்தாமவர் எய்விந்துர். அவர் வராவிட்டால் ஓட்டு சமமாகும். சமமானால் தலைவி சொல்வதே முடிவு. ஜனவரி மாதத்து முதல் கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்னால் டிசம்பரில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. தலைநகரிலிருந்து சிந்த்ரி என்ற ஆலோசகரைத் தோர்தீஸ் வரவழைத்திருந்தார். குடுமி வைத்த இளைஞர். 'காகிதமில்லா நவம்பர்' அவர் தந்ததுதான். அதன் விளைவாக ஊர்க் கழிப்பறைகளில் நேர்ந்தவற்றை இங்கே விவரிக்க வேண்டாம். இந்த முறை அவர் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாம ஏன் துவட்டிக்கிறோம்?"

யாருக்கும் தெரியவில்லை.

"பயம். ஈரத்தைக் கண்டு பயம். ஆயிரம் வருஷமா நம்ம கரையில காட் மீன் காயுது. ஒரு மீனாவது துண்டு கேட்டுச்சா?"

"மீன் காய மூணு மாசம் ஆகுமே," என்றார் எய்விந்துர், எடை போடுகிறவர் என்ற முறையில்.

"அதுக்குப் பொறுமை இருக்கு. நமக்குத்தான் இல்ல."

கூட்டம் மெய்சிலிர்த்தது. துண்டுகளைத் துவைக்கும் சோப்பு கடலுக்குப் போகிறது, கடலில் மீன் இருக்கிறது, மீனை நாம் தின்கிறோம் என்று சிந்த்ரி படிப்படியாக விளக்கியபோது, இத்தனை காலமும் துண்டைத்தான் தின்றுகொண்டிருந்தோமோ என்று சிலர் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். 'துண்டில்லா ஜனவரி' முன்மொழியப்பட்டது. வழிமொழிய ஆள் வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எய்விந்துரை வதைத்தது. இன்று நாம் விட்டுக்கொடுத்தால் நாளை சின்னக் குளத்துக்கு அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்களா என்றும் ஒரு நப்பாசை. கையைத் தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

புத்தாண்டு விடுமுறை முடிந்து குளம் திறந்த முதல் நாளிலேயே ஓட்டெடுப்பு வந்தது. அன்று காலையில் எய்விந்துர் வழக்கம்போல் லோவீசாவைச் சின்னக் குளத்துப் படியில் இறக்கிவிட்டு, பெரிய குளத்தில் நீந்திவிட்டு, ஷவர் அறைக்குத் திரும்பினார். சோப்புப் போட்டுக் குளித்தார். கண்ணை மூடியபடியே கையை நீட்டித் துண்டு மாட்டும் சட்டத்தைத் துழாவினார். துண்டு இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். சட்டமே இல்லை.

உடை மாற்றும் அறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆண்கள் பகுதிக் காவலர் ஹியால்மர். உலர்ந்த உலகத்துக்கும் ஈர உலகத்துக்கும் இடையே உள்ள எல்லையை வாழ்நாளெல்லாம் காத்து வருபவர்.

"ஹியால்மர், என் துண்டு எங்கய்யா?"

"பறிமுதல்."

"என்னது? அது என் சொந்தத் துண்டு. நீலக் கோடு போட்டது."

"பாத்தேன். நல்ல துண்டு. தனியா மடிச்சு வச்சிருக்கேன். பிப்ரவரியில வந்து வாங்கிக்க."

"குளத்துல வாடகைக்குக் குடுக்கிற துண்டைத்தானே தடை பண்ணினோம்?"

"'எவ்வகைத் துண்டும்'னு போட்டிருக்கு. வழிமொழிஞ்சது நீ. படிக்கலையா?"

எய்விந்துர் படிக்கவில்லை. வழிமொழிகிறவர் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"சரி விடு. எனக்குப் பத்து மணிக்குக் கூட்டம். இப்படியே போய் டிரஸ்ஸை மாட்டிக்கிறேன்."

"ஈரத்தோடயா?" என்றார் ஹியால்மர். கத்தியோடு வந்தவனைக் கேட்பதுபோல் கேட்டார். எய்விந்துர் வெட்கத்தால் சிவந்து, தூக்கிய காலைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஷவர் அறையில் அவர் தனியாக இல்லை. படகு வைத்திருக்கும் பௌல்மி பெஞ்சில் பிறந்தமேனியாக உட்கார்ந்து சொட்டிக்கொண்டிருந்தார். மூலையில் பாதிரியார் மத்தியாஸ் இரண்டு கையையும் விரித்து, தாம் வழக்கமாகப் பேசும் விஷயத்துக்குப் பொருத்தமான நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

"வாய்யா உறுப்பினரே," என்றார் பௌல்மி. "நாங்க உனக்கு முன்னாலயே கரையேறி வந்து மாட்டிக்கிட்டோம். உன் புண்ணியத்துல என் படகு கரையிலயே நிக்குது."

"என் புண்ணியம் இல்ல. ஒருமனதான தீர்மானம்."

"ஓ. அப்ப அஞ்சு பேரோட புண்ணியம்."

சுவரில் சிந்த்ரியின் படம் போட்ட அட்டை ஒட்டியிருந்தது. 'இயற்கை உலர்வு: ஐந்து நிலைகள்.' முதல் நிலை, உள்ளங்கையால் உடம்பை வழித்து நீரை இறக்குவது. அடுத்து நாய் உதறுவதுபோல் உதறுவது. அப்புறம் குதிப்பது. அப்புறம் கை கால்களை விரிப்பது. பாதிரியார் அந்த நிலையில்தான் இருந்தார். ஐந்தாம் நிலை காத்திருப்பது. அதற்குக் காலவரம்பு ஏதும் குறிப்பிடப்படவில்லை.

எய்விந்துர் முறைப்படி தொடங்கினார். வழித்தார். உதறினார். உதறிய துளிகள் பௌல்மியின் மேல் விழுந்து, ஓரளவு காய்ந்திருந்த அவருடைய தோளை மறுபடி நனைத்தன. பௌல்மி எழுந்து பதிலுக்கு உதறினார். இருவரும் குதித்தபோது தரையில் தேங்கியிருந்தது தெறித்துப் பாதிரியாரின் மேல் விழுந்தது. இயற்கை உலர்வின் சிறப்பே இதுதான். இதில் யாரும் தனியாக முன்னேற முடியாது.

"ஹியால்மர், அந்த ஜன்னலையாவது திற. ஆவி வெளிய போகட்டும்."

"ஜன்னல் திறக்க நகராட்சி அனுமதி வேணும்."

"நான்தான்யா நகராட்சி!"

"நீ அஞ்சுல ஒண்ணு. மிச்ச நாலு பேரையும் கூட்டிட்டு வா, திறக்கறேன்."

பாதிரியார் சோதனைக்குத் தயார் என்று கை தூக்கினார். ஹியால்மர் உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து பாதிரியாரின் முதுகில் வைத்து, கையை எடுத்தார். தாள் கீழே விழுந்தால் மனிதன் உலர்ந்தவன். ஒட்டிக்கொண்டால் ஈரமானவன். விஞ்ஞானத்துக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. தாள் ஒட்டிக்கொண்டது. ஹியால்மர் உரித்து எடுத்தபோது பாதிரியாரின் முதுகில் சென்ற வார மரண அறிவிப்பு ஒன்று தலைகீழாகப் பதிந்திருந்தது.

"இன்னும் ஈரம். போய் நில்லு."

"ஹியால்மர், எனக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்ப்பா."

"குழந்தை காத்திருக்கும். தரை காத்திருக்காது."

எய்விந்துர் அந்தத் தாளை ஏக்கத்தோடு பார்த்தார். "அதைக் குடேன். அதாலயே துடைச்சுக்கிறேன்."

"இது சோதனைக் கருவி. துடைச்சா துண்டு. துண்டுன்னா பறிமுதல்."

பௌல்மிக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. மூவரும் முக்கோணமாக நின்று ஒருவர் மேல் ஒருவர் ஊதுவது. பிரசங்கம் செய்து பழகிய நுரையீரல் பாதிரியாருக்கு. மூவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு சிரத்தையாக ஊதினார்கள். எய்விந்துரின் வலது தோளில் உள்ளங்கையளவு ஓரிடம் காய்ந்தேவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்து மூவரும் மகிழ்ந்துகொண்டிருக்கையில் கூரையில் திரண்ட ஆவி ஒரு சொட்டாக மாறி, சரியாக அதே இடத்தில் விழுந்தது.

எய்விந்துர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நெருங்கிவிட்டது. எதிர்ச் சாரியில்தான் நகராட்சி அலுவலகம். அங்கே போய் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினால் போதும், லோவீசாவின் குளம் தப்பிக்கும். அந்தக் கை இங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

"ஹியால்மர், நீயாவது ஒரு எட்டு போய், நான் வர்ற வரைக்கும் ஓட்டெடுப்பை நிறுத்தி வைக்கச் சொல்லேன்."

"நான் போனா தரையை யாருய்யா பாத்துக்கறது?"

"டேய் எய்விந்துர்," பௌல்மி காதோடு சொன்னார். "அந்த அறை எத்தன அடி இருக்கும்? நாலே எட்டு. ரெண்டு பேரும் ஒரே ஓட்டமா ஓடிரலாம். ஹியால்மருக்கு முழங்கால் வலி, துரத்த மாட்டான்."

எய்விந்துர் எல்லைக் கோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் தரை வறண்டு, பளபளத்து, ஊரின் மானம்போல் கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் யாரோ ஒருவருடைய சாம்பல்நிறச் சாக்ஸ். அதைப் பார்த்ததும் அவருடைய கால் மரத்துப்போனது.

"என்னால முடியாதுடா."

"பொண்டாட்டி குளத்துக்காகக் கூடவா?"

"அது யாரோட சாக்ஸோ தெரியலையே."

பௌல்மி தலையில் அடித்துக்கொண்டார். அவரும் ஓடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். புயலில் படகு ஓட்டுபவர், ஆனாலும் ஹ்ரப்னவீக்காரர்.

அப்போதுதான் எய்விந்துருக்குப் பொறி தட்டியது. ஷவர் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று உடை மாற்றும் அறைக்கு, இன்னொன்று குளத்துக்கு. குளத்துப் பக்கம் ஈரத்தோடு போகத் தடையில்லை. குளத்தைச் சுற்றி வேலி, வேலியில் கதவு, கதவுக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் நகராட்சி. நனைந்த மனிதன் தெருவில் நடக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. நீச்சல் டிரவுசரைப் பிழிந்து மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"நான் வரலப்பா," என்று பௌல்மி பெரிய குளத்து வெந்நீருக்கே திரும்பினார். "இனிமே இங்கயே குடித்தனம். சாப்பாட்டை இங்க குடுத்தனுப்பச் சொல்லு."

வெளியே இருட்டு. உறைநிலைக்கும் கீழே ஏழு டிகிரி. சின்னக் குளத்தின் விளக்கடியில் லோவீசாவும் மற்றப் பெண்களும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க ஓடற?" என்றார் லோவீசா.

"ஓட்டுப் போட."

"இந்தக் கோலத்துலயா? பைத்தியமா உனக்கு? துவட்டக் கூடத் தோணலையா?"

"தோணிச்சு. அதான் பிரச்சனையே."

லோவீசா அவரைப் பார்த்தார். தலைமுடி அதற்குள் உறைந்து குச்சி குச்சியாக நின்றது. கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம். ஆனால் செய்யவில்லை.

"காலையிலேருந்து தண்ணி ஆறிட்டே வருது, எய்விந்துர். சோதனைக்குன்னு நடைபாதைக்குத் திருப்பி விட்டுட்டாங்களாம். கால் மடங்க மாட்டேங்குது. ஓடு. சீக்கிரம் ஓடு."

ஓடினார். வெறுங்காலோடு பனியில் தெருவைக் கடந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கையசைத்தார்கள்; அவரும் முறைப்படி கையசைத்தார். நகராட்சியின் கண்ணாடிக் கதவைப் பிடித்து இழுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மரத்தரை. போன வருடம்தான் மெருகு போட்டது. அவர் உடம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர்ச் சொத்தின் மேல் எப்படிச் சொட்டுவது?

காலில் ஏதோ இதமாகப் பட்டது. குனிந்து பார்த்தார். ஊரெல்லாம் முழங்கால் பனி. அவர் நின்ற இடம் மட்டும் வறண்டு, கதகதப்பாக இருந்தது. சோதனை ஓட்டத்தில் இருந்த நடைபாதை. அதன் அடியில் ஓடுவது யாருடைய வெந்நீர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வேறு வழியில்லை. மெல்ல உட்கார்ந்தார். பிறகு மல்லாந்து படுத்தார். முதுகிலிருந்து ஆவி எழுந்தது. முதுகு காய்ந்ததும் தோசையைப்போலத் திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அன்று காலையில் அவருக்குக் கிடைத்த முதல் சுகம் அது. கண்கூடச் செருகியது.

கண்ணை விழித்தபோது எதிரே ஒரு ஜோடி காலணி. தோர்தீஸ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சிந்த்ரி படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அற்புதம்!" என்றார் சிந்த்ரி. "முழு மனுஷன். துண்டே இல்லாம!"

எய்விந்துரை மரியாதையோடு உள்ளே அழைத்துப் போய், யாரோ ஒருவருடைய கம்பளிச் சட்டையைப் போர்த்தி, அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓட்டெடுப்பு இன்னும் நடக்கவில்லை. கால் கட்சியினர் இருவரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வந்துவிட்டேன், லோவீசா, என்று அவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஓட்டுக்கு முன்னால ஒரு சின்னக் கேள்வி," என்றார் தோர்தீஸ். "எய்விந்துர், நடைபாதையில படுத்திருந்தியே, காஞ்சுதா?"

"காஞ்சுது."

"நல்லா?"

எய்விந்துர் பொய் சொல்லிப் பழகாதவர். "நல்லாவே."

"சுகமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா..."

"ஆக, இந்தத் திட்டத்தால நீ நேரடியாப் பலன் அடைஞ்சிருக்க." தோர்தீஸின் குரலில் வருத்தம் தோய்ந்திருந்தது. "பலன் அடைஞ்ச உறுப்பினர் அந்த விஷயத்துல ஓட்டுப் போடக் கூடாதுன்னு நம்ம விதியில இருக்கே. உன்ன மாதிரி ஒழுங்கான ஆளுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

"நீங்களும் இன்னைக்கு அதுல நடந்துதானே வந்தீங்க?" என்றார் கால் கட்சியில் ஒருவர்.

"பலன் காலணிக்கு. எங்களுக்கு இல்ல. இவன் வெறும் உடம்போட படுத்திருக்கான்."

வாதம் அப்பழுக்கற்றது. எய்விந்துர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓட்டை தென்படவில்லை. விதி, விதிதான். கம்பளிச் சட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தார். விதிப்படி வெளியே போனார். விதிப்படி கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்தபோது உள்ளே இரண்டு கை எழுந்தது, இறங்கியது. வேறு இரண்டு கை எழுந்தது, இறங்கியது. பிறகு தோர்தீஸ் மட்டும் இன்னொரு தடவை கையைத் தூக்கினார். தண்ணீர் காலணிகளுக்குப் போய்விட்டது. எய்விந்துருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்மேல் அருவருப்பு வந்தது.

வீட்டில் லோவீசா காபி போட்டு வைத்திருந்தார்.

"ஓட்டுப் போட்டியா?"

"போட விடல."

"யாரு விடல?"

எய்விந்துர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தான்," என்றார்.

லோவீசா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. இரண்டு கைத்தடிகளையும் ஊன்றி எழுந்து, சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போனார். அந்தச் சின்ன வீட்டில் அது நீண்ட பயணமாக இருந்தது.

சின்னக் குளம் வற்றியது. 'உலர் நகரம்' திறப்பு விழாவுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்தார்கள். கொடி ஏற்றினார்கள். கிரீம் வைத்துச் சுருட்டிய அப்பம் பரிமாறினார்கள். எய்விந்துர் நடைபாதையில் மல்லாந்து கிடக்கும் படம் ஆளுயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. தோர்தீஸ் நடைபாதையின் நட்டநடுவே நின்று, பனிநாட்டில் ஒரு சொட்டு ஈரம் படாமல் நிற்கும் தம்முடைய காலணிகளை விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் சிலர் வருவது தெரிந்தது. சின்னக் குளத்துப் பெண்கள். குளியல் உடை, தலையில் கம்பளித் தொப்பி, கையில் தடி. முன்னால் லோவீசா. அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டு நீச்சல் டிரவுசரில் எய்விந்துர். இப்படி வர விதியில் இடம் உண்டா என்று அவர் அன்று யாரையும் கேட்கவில்லை. பனியில் தட்டுத் தடுமாறி வந்து நடைபாதையின் விளிம்பில் நின்றார்கள். விருந்தினர்கள் அப்பம் தின்பதை நிறுத்தினார்கள்.

தோர்தீஸ் சிரித்தபடி முன்னே வந்தார். "என்ன லோவீசா, இந்தக் குளிர்ல இப்படி? வழி தவறிட்டீங்களா எல்லாரும்? குளம் அந்தப் பக்கம்."

"அது இப்ப வெறும் பள்ளம், தோர்தீஸ்," என்றார் லோவீசா. "குளம் உன் ஷூவுக்கு அடியில இருக்கு. கொஞ்சம் காலை எடு, நாங்க இறங்கணும்."